லஷ்கர்: வந்தவர்கள் கட்டிய ஊர்

(சங்கத்தின் மாதாந்தர உறுப்பினர் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வீட்டில் படித்துக் காட்ட வேண்டும் என்று தாய்மார்கள் பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



போன மாதக் கூட்டம் எப்படி முடிந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கூலியாட்களுக்கு நம் உறுப்பினர்கள் யாரும் வீடு வாடகைக்கு விடக் கூடாது. ஏற்கெனவே விட்டவர்கள் மூன்று மாதத்துக்குள் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தீர்மானம். கைகள் பல உயர்ந்தன. வாக்கெடுப்பை ஒரு மாதம் தள்ளிவைக்கும்படி செயற்குழு கேட்டுக்கொண்டது. அதற்காக எங்கள் மேல் சிலருக்கு வருத்தம் உண்டு. இன்று அந்த வாக்கெடுப்பு நடக்க இருக்கிறது. அதற்கு முன்னால் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுவது கடமை என்று நினைக்கிறோம்.

தீர்மானம் கொண்டுவந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. அவர்கள் சொன்ன காரணங்கள் மூன்று. ஒன்று, ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் தங்குகிறார்கள். குழாயடியில் நம் வீட்டுப் பெண்களுக்குத் தண்ணீர் கிடைப்பதில்லை. இரண்டு, யார் எவர் என்று தெரியாது. பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பயமாக இருக்கிறது. மூன்று, அவர்கள் வந்த பிறகு அட்டாவில் நிற்கிற நம் சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் கூலி குறைகிறது. இந்த மூன்றையும் பொய் என்று தள்ளிவிட நாங்கள் தயாரில்லை. ஆனால் நோய் உண்மை என்பதாலேயே கொடுக்கிற மருந்தும் சரி என்று ஆகிவிடாது.

நாம் இருக்கிற இந்த ஊர் எப்படி ஊராயிற்று என்பதை முதலில் பார்ப்போம். அதைத் தெரிந்துகொண்டால் மற்றது தானே விளங்கும்.

ஏரிக்கு இந்தப் பக்கம்

ஐதராபாத் 1591இல் குதுப்ஷாஹி சுல்தான் கட்டிய நகரம். அது மூசி நதியோரம், சார்மினாரைச் சுற்றி எழுந்தது. ஹுசைன் சாகர் ஏரி அதற்கும் முந்தியது, 1560களில் வெட்டப்பட்டது. அந்த ஏரிக்கு வடக்கேயும் கிழக்கேயும் விரிந்து கிடப்பதுதான் நம்முடைய செகந்தராபாத். பழைய ஆட்கள் இன்றும் இதை "லஷ்கர்" என்றே சொல்வார்கள். லஷ்கர் என்றால் படை, பாளையம் என்று பொருள். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. அரண்மனையோ கோட்டையோ கோயிலோ இந்த ஊருக்கு மூலமில்லை. ஒரு கூடாரம்தான் மூலம்.

1798இல் நிஜாம் அலிகானுக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நிஜாமின் செலவில் கம்பெனிப் படை ஒன்று இங்கே நிரந்தரமாகத் தங்கும் என்பது அதன் சாரம். அந்தப் படை இறங்கிய இடத்துக்கு 1806இல், மூன்றாவது நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்தராபாத் என்று பெயர் வந்தது. அந்தப் பட்டாளம் எங்கிருந்து வந்தது? சென்னை ராஜதானியிலிருந்து. வெள்ளைக்காரத் துரைகள் சிலர்; துப்பாக்கி தூக்கிய சிப்பாய்களில் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும்.

பட்டாளம் தனியாக நடக்காது, தோழர்களே. சிப்பாய் ஒருவனுக்குப் பின்னால் பல வயிறுகள் நடந்து வந்தன. சமையற்காரர், வண்ணார், டோலி தூக்குபவர், மாட்டு வண்டிக்காரர், கொல்லர், தோல் வேலை செய்வோர், குதிரைக்குப் புல் அறுக்கிற பெண்கள், துரை வீட்டு ஆயாக்கள், தானியம் சப்ளை செய்த கான்டிராக்டர்கள் என்று ஒரு பெரிய கூட்டம். திருமலகிரி, பொல்லாரம், ரெஜிமென்டல் பஜார், லான்சர் லைன், பென்ஷன்புரா என்று நம் பேட்டைகளின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பெயர்கள் பட்டாளத்துப் பெயர்கள். பென்ஷன் வாங்கிய சிப்பாய் ஊருக்குத் திரும்பவில்லை. இங்கேயே ஒரு குடிசை போட்டான். அவன் பேரப்பிள்ளைகள் ரயில்வேக்குப் போனார்கள்.

எத்தனை கைகள், எத்தனை தெய்வங்கள்

ஜெனரல் பஜாரிலிருந்து மோண்டா மார்க்கெட் வரைக்கும் ஒரு காலை நேரம் நடந்து பாருங்கள். மார்வாடி ஜவுளிக்கடை, குஜராத்திப் பாத்திரக்கடை, தெலுங்குக் காய்கறிக்காரி, உருது பேசுகிற கறிக்கடைக்காரர், இரானி டீக்கடை, அதற்குப் பக்கத்திலேயே நம்மவர் இட்லி வண்டி. பார்சிகள் இங்கே அக்கினிக் கோயில் கட்டி ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆகிறது. கிறிஸ்தவர்களின் தேவாலயங்களும் பட்டாளத்தோடு வந்தவைதான். லாலாகூடாவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. ரயில் எஞ்சின் ஓட்டினார்கள்.

ஆஷாட மாதத்தில் நாம் எல்லோரும் போய் நிற்கிறோமே, உஜ்ஜயினி மகாங்காளி கோயில், அதன் கதை உங்களுக்குத் தெரியுமா? கோயில் வரலாறு இப்படிச் சொல்கிறது: சுரிட்டி அப்பையா என்பவர் பட்டாளத்தில் டோலி தூக்கும் வேலை பார்த்தவர். 1813இல் அவருடைய படைப்பிரிவு உஜ்ஜயினிக்குப் போனது. இங்கே காலரா பரவி ஜனங்கள் மாண்டார்கள். காலரா தணிந்தால் ஊரில் உனக்குக் கோயில் வைக்கிறேன் என்று அங்கிருந்த காளியிடம் அவர் வேண்டிக்கொண்டார். 1815இல் திரும்பி வந்து மரத்தால் அம்மன் செய்து வைத்தார். இன்று லட்சக்கணக்கானோர் கூடுகிற லஷ்கர் போனாலு அந்த வேண்டுதலில் தொடங்கியதுதான். பகுத்தறிவாளர்களான தோழர்கள் சிரிக்கலாம். அவர்களுக்கும் நாங்கள் ஒன்று சொல்வோம். இந்த ஊரின் மிகப் பெரிய திருவிழாவை ராஜா தொடங்கவில்லை. ஒரு கூலிக்காரர் தொடங்கினார். அதுவும் வெளியூருக்கு வேலைக்குப் போன கூலிக்காரர். அங்கிருந்து தெய்வத்தைக் கொண்டுவந்தார். தெலுங்குப் பெண்கள் தலையில் போனம் சுமந்து வரும்போது நம் பெண்கள் ஆடிக் கூழை நினைத்துக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் போ என்று சொன்னதில்லை.

நம்மவர் பங்கும் குறைவில்லை. சோமசுந்தர முதலியார் 1862இல் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் பின்னால் மஹபூப் காலேஜ் ஆயிற்று. விவேகானந்தர் அமெரிக்கா போவதற்கு முன், 1893 பிப்ரவரி 13ஆம் தேதி, அங்கேதான் பேசினார். வாக்கர் டவுன் என்று இருந்த இடம் பத்மாராவ் முதலியார் பெயரால் பத்மாராவ் நகர் ஆயிற்று. இதையெல்லாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம், சொல்லட்டும். ஆனால் பெயர்ப்பலகையில் ஏறியவர்கள் சிலரே. அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அரைத்தவர் யார், கல் சுமந்தவள் யார் என்று எந்தப் பலகையிலும் இல்லை.

அந்த மாதிரி விட்டுப்போன பெயர் ஒன்றைச் சொல்கிறோம். கொசுவால்தான் மலேரியா பரவுகிறது என்பதற்கு முக்கியத் தடயத்தை ரொனால்ட் ராஸ் என்ற ராணுவ டாக்டர் 1897 ஆகஸ்டு 20ஆம் தேதி இந்தச் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தார். உலகப் புகழ் பெற்றார். 1902இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்தக் கொசுக்கள் யார் இரத்தத்தைக் குடித்தன? ஹுசைன் கான் என்ற ஏழை நோயாளியின் இரத்தத்தை. கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா அவருக்குக் கூலி. ராஸ் பெயரில் இங்கே நிலையம் இருக்கிறது. ஹுசைன் கானுக்கு ஒரு சந்து கூடக் கிடையாது.

ரயில் வந்தது, நாமும் வந்தோம்

1874இல் வாடியிலிருந்து செகந்தராபாத்துக்கு ரயில் வந்தது. 1893இல் லாலாகூடா ஒர்க்‌ஷாப் ஏற்பட்டது. பட்டாளத்தோடு வராத நம் குடும்பங்களில் பல இந்த ரயிலைப் பிடித்து வந்தவைதான். ஃபிட்டர், ஃபயர்மேன், கிளார்க், கான்டீன் மாஸ்டர். 1966இல் தென்மத்திய ரயில்வே ஏற்பட்டு இதுவே தலைமையிடம் ஆனபோது இன்னொரு அலை வந்தது. அதன் பிறகு திருச்செங்கோட்டு போர்வெல் லாரியோடு வந்தவர்கள், முறுக்கு மிக்சர் போட வந்தவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள். இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்போரில் நூற்றைம்பது வருஷக் குடும்பமும் உண்டு. சென்ற பொங்கலுக்குப் பிறகு வந்தவரும் உண்டு. யார் யாரைப் பார்த்து நீ வெளியூர்க்காரன் என்று சொல்வது?

"கோ பேக்" என்ற சொல் நமக்குப் புதிதல்ல

இப்போது கசப்பான பக்கத்துக்கு வருவோம்.

1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் வந்து நிஜாம் ஆட்சி முடிந்தது. உடனே வெளியிலிருந்து அதிகாரிகள், குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள் நிறையக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் கணிசமானோர் சென்னை ராஜ்யத்துக்காரர்கள். இங்கே 1919இலிருந்து "முல்கி" விதி இருந்தது. பதினைந்து வருஷம் தொடர்ந்து குடியிருந்தவரே அரசு வேலைக்கு உரியவர் என்பது அதன் சாரம். பொய்ச் சான்றிதழ் வாங்கி வெளியார் வேலையில் சேருகிறார்கள் என்று உள்ளூர் இளைஞர்கள் கொதித்தார்கள். 1952இல் வாரங்கலில் ஆரம்பித்த மாணவர் கிளர்ச்சி ஐதராபாத்துக்குப் பரவியது. செப்டம்பர் முதல் வாரத்தில் சிட்டி காலேஜ் பக்கம் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அப்போது தெருவில் எழுந்த கோஷங்களில் ஒன்று "இட்லி சாம்பார் கோ பேக்" என்பது.

அந்த இட்லி சாம்பார் யார்? நாம்தான்! அந்தக் காலத்தில் கடைவீதிக்குப் போய்த் தமிழில் பேசப் பயந்ததாகப் பெரியவர்கள் சொல்ல நம்மில் பலர் கேட்டிருக்கிறோம்.

நியாயத்தை நியாயமாகப் பேச வேண்டும். வேலையில்லாத தெலங்கானா மாணவனின் குறை உண்மையானது. அவன் மண்ணில் அவனுக்கு வேலை இல்லை என்றால் அவன் கேட்கத்தான் செய்வான். ஆனால் ஆட்களைக் கொண்டுவந்தது யார்? அரசாங்கம். திட்டு வாங்கியது யார்? ரயிலடியில் இட்லி விற்ற கிழவியும் சேர்த்துத்தான். கொள்கை வகுத்தவன் மாடியில் இருந்தான். கல் விழுந்தது கீழே இருந்தவன் மேல்.

இதே கதை வேறு ஊர்களிலும் நடந்தது. 1960களின் கடைசியில் பம்பாயில் தென்னிந்தியர் என்றாலே விரட்டு என்ற இயக்கம் கிளம்பியபோது தாராவியிலும் மாதுங்காவிலும் நம்மவர்கள் பட்ட பாடு தெரிந்ததே. 1991 டிசம்பரில் காவிரி இடைக்காலத் தீர்ப்பையொட்டி பெங்களூரில் தமிழ்க் கூலிக்காரர்களின் குடிசைகள் எரிந்தன. கடல் கடந்தால், மலையகத்தில் தேயிலை பறித்த நம் ஜனங்களுக்கு 1948ஆம் வருஷச் சட்டத்தால் குடியுரிமை இல்லை என்று ஆயிற்று. 1964இல் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று மனிதர்களைப் பங்கு போட்டன. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இவ்வளவையும் தலைமேல் வாங்கிய ஜனம், அதே சொல்லை இன்னொருவன் மேல் வீசலாமா? இதுதான் எங்கள் கேள்வி.

நாம் இருக்கிற மாநிலத்தையும் பாருங்கள். "பாலமூரு கூலி" என்றால் இந்தியா முழுக்கத் தெரியும். மஹபூப்நகர் மாவட்டத்து ஜனங்கள் நாடெங்கும் அணை கட்டப் போனவர்கள், கால்வாய் வெட்டப் போனவர்கள். கரீம்நகர், நிஜாமாபாத் பக்கத்து ஆண்கள் வளைகுடாவில் வேகிறார்கள். நமக்கு வீடு கொடுத்த தெலுங்குக்காரருக்கும் துபாயில் ஒரு மகன் இருப்பான். அங்கே ஒரு அறையில் பத்துப் பேரோடு படுத்திருப்பான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததே, மறந்துவிடுமா? வேலை நின்றது, பஸ் நின்றது, ஜனங்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் நடந்தார்கள். தொழிலாளருக்கென்று நாட்டில் ஓடிய முதல் சிறப்பு ரயில் எங்கிருந்து புறப்பட்டது? 2020 மே 1ஆம் தேதி, மே தினத்தன்று, இதே ஐதராபாத்தின் லிங்கம்பள்ளியிலிருந்து ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு, சுமார் 1,200 பேரை ஏற்றிக்கொண்டு. இன்று நாம் காலி செய்யச் சொல்ல நினைக்கிறவர்களில் அந்த ரயிலில் போனவரும் இருக்கலாம்.

வதந்தியைப் பற்றியும் ஒரு சொல். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளரை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எங்கோ நடந்த சண்டைகளை எடுத்து ஒட்டியவை என்று போலீஸ் விளக்கியது. அதற்குள் எத்தனையோ தாய்மார்கள் பீகாரில் அழுதிருப்பார்கள். நம் பேட்டையிலும் கைப்பேசியில் வந்ததையெல்லாம் வாசலுக்கு வாசல் சொல்வதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கூலி ஏன் குறைகிறது?

அட்டாவில் கூலி குறைவது உண்மை. இதுதான் மூன்று காரணங்களிலும் கனமானது. ஆனால் அதை யார் குறைக்கிறார்கள் என்று பாருங்கள். புதிதாக வந்தவன் தனக்குக் குறைத்துக் கொடு என்று கேட்டுக்கொண்டா நிற்கிறான்? அவனை ஊரில் முன்பணம் கொடுத்து மேஸ்திரி அழைத்து வருகிறான். நாள் கூலியில் ஒரு பங்கை மேஸ்திரி பிடித்துக்கொள்கிறான். கான்டிராக்டர் நம் ஆளைப் பார்த்து, உன்னை விடக் குறைவாக அவன் வருகிறான் என்கிறார். அவனைப் பார்த்து, பேசாமல் வேலை செய், இல்லாவிட்டால் தமிழ்க்காரன் காத்திருக்கிறான் என்கிறார். இரண்டு பேர் முதுகிலும் ஏறி நிற்கிறவர் ஒருவரே.

நம் பாட்டன்மார் காலத்தில் நம்மைக் காட்டித்தான் உள்ளூர்த் தெலுங்குக் கூலியைக் குறைத்தார்கள். இன்று அவனைக் காட்டி நம்மைக் குறைக்கிறார்கள். நாளை அவனுக்கும் ஒருவனைக் காட்டுவார்கள்.

சரி, நாம் அவனை வீட்டை விட்டு வெளியேற்றுகிறோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவன் ஊருக்குப் போய்விடுவானா? மாட்டான். கட்டட வேலை நடக்கிற இடத்திலேயே தகரக் கொட்டகையில் கான்டிராக்டர் அவனைப் பூட்டி வைப்பார். அப்போது அவனோடு பேச நமக்கு வழி இருக்காது. இன்னும் குறைந்த கூலிக்கு, இன்னும் கூடுதல் நேரம் அவன் உழைப்பான். நம் கூலி மேலும் விழும். நம் சந்தில் அவன் இருந்தால், குழாயடியில் அவன் முகம் தெரிந்தால், கூலி என்ன பேசினாய் என்று நாம் கேட்க முடியும். ஆகவே அவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது தருமம் மட்டுமல்ல. நமக்கு லாபமும் கூட.

செயற்குழு சொல்வது

வெறும் பேச்சோடு நிறுத்த நாங்கள் வரவில்லை. தீர்மானத்துக்குப் பதிலாக நான்கு வேலைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, தண்ணீர். வீட்டுக்காரராக இருக்கிற உறுப்பினர்கள் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு ஓர் அறையில் பத்துப் பேரை அடைப்பதை நிறுத்த வேண்டும். கூட்டத்தால் வருகிற லாபம் உங்கள் பையில், தொல்லை அடுத்த வீட்டின் தலையில் என்பது ஞாயமா? இதைச் சொல்வது எங்களுக்கே சங்கடந்தான்; செயற்குழுவிலும் அப்படி வாடகை வாங்குகிறவர்கள் இருக்கிறோம். அறைக்கு எத்தனை பேர் என்று சங்கமே ஒரு வரம்பு வைக்கட்டும். குழாயடிக்கு முறை வைக்கட்டும். கூடுதல் குழாய் கேட்டு எல்லா மொழிக்காரரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவோம்.

இரண்டாவது, பயம். பெயர், ஊர், மேஸ்திரி யார் என்று கேட்டு எழுதி வைப்பதில் தவறில்லை. நாம் வந்தபோது நம்மையும் கேட்டார்கள். ஆனால் அதை மரியாதையோடு கேட்க வேண்டும். பள்ளியில் இந்தி படித்த நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் பேசட்டும். பெண்களிடம் தவறாக நடந்தால், அவன் தமிழனானாலும் பீகாரியானாலும் சட்டம் ஒன்றுதான். சென்ற வருஷம் நம் சந்தில் நடந்த ஒரு தகராறில் குற்றம் செய்தவன் எந்த ஊர்க்காரன் என்பதை எல்லோரும் அறிவீர்கள். இங்கே அதை விரிக்க விரும்பவில்லை.

மூன்றாவது, கூலி. அட்டாவில் நிற்கிற தமிழ், தெலுங்கு, ஒடியா, பீகாரி ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து, சித்தாளுக்கு இவ்வளவு, கொத்தனாருக்கு இவ்வளவு, இதற்குக் கீழே எவனும் ஏறுவதில்லை என்று பேசி முடிக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலி என்பது 1948இலிருந்து இந்த நாட்டில் சட்டமாக வந்த உரிமை. கேட்க ஆள் இருந்தால்தான் அது கைக்கு வரும்.

நான்காவது, காகிதம். ஆண்டில் 90 நாள் கட்டட வேலை செய்த, 18 வயது முதல் 60 வயதுக்குட்பட்ட எவரும் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ளலாம். ஊர் ரேஷன் கார்டை வைத்து வேறு மாநிலத்தில் தானியம் வாங்க இன்று வழி உண்டு. நம் உறுப்பினர்களிலேயே பாதிப் பேர் இவற்றைச் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்க அறையைத் திறந்து வைக்கிறோம். விண்ணப்பம் எழுதத் தெரிந்த இளைஞர்கள் வர வேண்டும். வருகிறவர் எந்த மொழி என்று கேட்காமல் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நாட்டில் எங்கும் போகவும், எங்கும் குடியிருக்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்று அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஒரு வரியின் நிழலில்தான் நாமும் இங்கே இருக்கிறோம். அதை மற்றவனுக்கு இல்லை என்று அடித்தால் நம் பெயரும் சேர்ந்து அழியும்.

தோழர்களே! ஜேம்ஸ் தெரு மகாத்மா காந்தி சாலை ஆயிற்று. கிங்ஸ்வே ராஷ்டிரபதி சாலை ஆயிற்று. 1960இல் இந்த ஊரின் மாநகராட்சி ஐதராபாத்தோடு சேர்ந்தது. 2014இல் மாநிலமே புதிதாயிற்று. எல்லாம் மாறிய பிறகும் ஜனங்களின் வாயில் இது லஷ்கர்தான், பாளையந்தான். பாளையத்தில் முன்னால் வந்தவன் முன்னால் கூடாரம் அடித்தான். பின்னால் வந்தவன் பின்னால் அடித்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி முடிவு உங்கள் கையில். தீர்மானத்தை ஆதரித்து வாக்களிக்கிறவர்களும் நம்மவர்கள்தான். நாளைக்கும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கப் போகிறோம். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம். கை தூக்குவதற்கு முன், இந்த ஊருக்கு முதன்முதலில் வந்து இறங்கிய உங்கள் பாட்டனோ, தகப்பனோ, நீங்களோ, அன்று இரவு யார் வீட்டுத் திண்ணையில் படுத்தீர்கள் என்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அந்தத் திண்ணைக்காரர் தமிழர்தானா?



(உரைக்குப் பின் நடந்த வாக்கெடுப்பில் தீர்மானம் சிறிய வித்தியாசத்தில் தோற்றது. செயற்குழுவின் நான்கு யோசனைகளும் ஏற்கப்பட்டன. அறைக்கு எத்தனை பேர் என்பதில் மட்டும் கருத்து வேற்றுமை இருப்பதால் அது அடுத்த கூட்டத்துக்கு வைக்கப்பட்டுள்ளது. வீட்டுக்கார உறுப்பினர்கள் தவறாமல் வர வேண்டும்.)